நீலப் பட்டை வைத்த பாய்

சேசு மரி சூசை

சாந்தோம், மயிலாப்பூர்
12 மார்ச் 1944

அன்புள்ள அண்ணனுக்கு ஃப்ளோரா எழுதுவது.

நீ பம்பாய்க்கு வண்டி ஏறிய அன்று சென்ட்ரலில் உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. மர்சலின் வந்திருந்தாள். புத்தகக் கடைக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். நிச்சயமான பெண் ஸ்டேஷனுக்கெல்லாம் போகக் கூடாது என்று அவள் அப்பா பவுல்சாமி மாமா சொல்லியிருந்தாராம். என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தாள். வண்டி நகர்ந்து உன் கை தெரியாமல் போகும்வரை நின்றாள். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் டிராம் ஏறிவிட்டாள். இரண்டு மாதம் நானும் பேசாமல் இருந்து பார்த்தேன். ரகசியம் அவளுடையதுதான். ஆனால் செய்தி உன்னுடையது என்று தோன்றுகிறது.

சர்வேசுரன் கிருபையால் இங்கே யாவரும் சுகம். உன் சுகத்துக்கும் உன் புது உத்தியோகத்துக்கும் அம்மா தினமும் ஜெபமாலை சொல்கிறாள்.

உன் பழைய வில்மட் துரை படகை உனக்குக் கொடுத்துவிட்டுச் சிலோனுக்குப் போனாரே, அவருடைய அடையாற்று பங்களாவைக் காலி செய்கிறார்கள். வாட்ச்மேன் அய்யாதுரை நேற்று ஒரு கான்வாஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "படகு ஷெட்ல கெடந்துது பாப்பா. துரை ஊட்ல காத்துக்கு மேல கட்டி ஆட்டற பங்காத் துணி மாதிரி கீது. உங்க அண்ணன் சாமானோட சேத்துடுன்னு கடுதாசி போட்டுட்டாரு" என்றார். உள்ளே முக்கோணமாக ஒரு துணி. கூடம் முழுவதும் விரித்தும் இடம் போதவில்லை. உன் படகில் கட்டும் இரண்டு பாய்கள் போலவும் இல்லை. ரவிக்கைத் துணி போல அவ்வளவு மெல்லிசு.

அப்பா பார்த்ததும், விமானம் குண்டு போட வந்தால் போட்டுக்கொள்ளும் ஏ.ஆர்.பி. வார்டன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். பாராசூட்டாம். ஜப்பான்காரன் இறங்கியிருக்கிறானாம். போலீசுக்குப் போகக் கிளம்பியவரை அம்மாதான் நிறுத்தினாள். "பாராசூட்டோ பங்காவோ, இம்மாந் துணி இன்னிக்கு எந்தக் கடையில குடுக்கறான்? மர்சலினுக்கு ரெண்டு உள்பாவாடை, நாலு தலகாணி உறை, மிச்சத்துல இவளுக்கு ஒரு ரவிக்கை" என்று கத்தரிக்கோலைத் தேடினாள். உன் பெயரைச் சொல்லித் தவணை வாங்கியிருக்கிறேன். இது என்ன, படகில் எங்கே கட்டுவது என்று உடனே எழுது. நான் படித்த நாவல்களில் கப்பல்கள் நிறைய வருகின்றன. பாயை எப்படிக் கட்டுவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அன்புத் தங்கை
ஃப்ளோரா

*

பம்பாய்
24 மார்ச் 1944

அன்புத் தங்கை ஃப்ளோராவுக்கு ராஜநாயகத்தின் ஆசீர்வாதம்.

நான் சுகம். அம்மா, அப்பா சுகத்துக்கு எழுதவும்.

உன் கடிதத்தின் முதல் பத்தி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. என்னோடு அறையில் இருக்கும் ஷரஃபுதீன் நம்ம ராயப்பேட்டைக்காரன். துறைமுக ஆபீசில் பக்கத்து மேஜை. "இன்னா மச்சி, லெட்டரை மென்னு துன்னுடுவ போலகீதே" என்கிறான். புத்தகக் கடைக்குப் பின்னால்! நான் அந்தக் கடையையே பார்த்துக்கொண்டு நின்றேன் ஃப்ளோரா. பத்திரிகை வாங்கலாமா என்று.

துணி விஷயம். துரையோடு நான் போனதெல்லாம் பெரிய பாயும் முன்பாயும் வைத்துத்தான். மூன்றாவது ஒன்று உண்டென்று அவர் மூச்சுவிட்டதில்லை. நீ படம் வரைந்து அனுப்பு. கலர் பென்சிலால் தீட்டு. எந்த இடத்தில் என்ன கலர் என்பது முக்கியம். நீ வரைந்தால் எனக்கு நேரில் பார்த்த மாதிரி. இங்கே ஞாயிற்றுக்கிழமை பாய்ப்படகு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், காட்டிக் கேட்கிறேன். அதுவரை கத்தரிக்கோலை ஒளித்து வை.

நவம்பரில் லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் அந்தப் பாயை ஏற்றி மர்சலினை உட்காரவைத்து ஆற்றில் ஒரு சுற்று. அவள் நைனா கரையில் நின்று கத்தட்டும்.

பிரியமுள்ள அண்ணன்
ராஜநாயகம்

*

சேசு மரி சூசை

சாந்தோம்
10 ஏப்ரல் 1944, பாஸ்கு மறுநாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளின் வாழ்த்து. நாங்கள் சுகம். அவ்விடத்துச் சுகம் அறிய ஆவல்.

கேட்டபடி படம் இதோடு இருக்கிறது. கலர் பென்சில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க மர்சலின் கொண்டுபோகும் பெட்டியிலிருந்து இரவல். முழுக்க வெள்ளை. நடுவில் உச்சியிலிருந்து அடிவரை ஒரு நீலப் பட்டை. லூர்து மாதா இடுப்பில் கட்டியிருப்பாளே, அந்த நீலம். இரண்டு பென்சிலைக் கலந்து தீட்டியும் அந்த நீலம் முழுசாக வரவில்லை. நேரில் பார்த்தால் நீயே சொல்வாய்.

கத்தரிக்கோல் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. அம்மா பக்கத்து வீட்டில் இரவல் கேட்டுவிட்டாள். ஆகவே சீக்கிரம்.

ஃப்ளோரா

*

சேசு மரி சூசை

சாந்தோம்
29 ஏப்ரல் 1944

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமா? வேறு எதையும் முதலில் எழுதத் தோன்றவில்லை.

பதினான்காம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தது என்று இங்கே பேச்சாக வந்தது. பேப்பரில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நாலு வரி. அப்பா தந்தி கொடுத்தார். ஐந்தாம் நாள் "சுகம். கடிதம் பின்னால்" என்று உன் பெயரில் பதில் வந்தது. அம்மா அந்தக் காகிதத்தை மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். அந்தக் கடிதம்தான் இன்னும் வரவில்லை.

மர்சலின் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வருகிறாள். கிழியாத தலையணை உறைகளை எடுத்து ஓரம் தைக்கிறாள். போகும்போது தபால் வந்ததா என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு போகிறாள்.

ஒரு வரி போதும்.

ஃப்ளோரா

*

பம்பாய்
20 மே 1944

அன்புத் தங்கை ஃப்ளோராவுக்கு,

நான் சுகம். அம்மா அப்பாவுக்கு என் வணக்கம். வலது கையில் தீக்காயம். கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆகவே நான் சொல்ல ஷரஃபுதீன் எழுதுகிறான். கவலைப்பட ஒன்றுமில்லை. செத்தவர்கள் ஏராளம். எனக்குக் கை மட்டும்தான்.

அந்தத் துணியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இங்கே நேரம் நிறைய இருக்கிறது. இனிமேல் படம் வேண்டாம். படத்தில் தெரியாது. நீ கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்து எழுது. ஓரங்களில் கை வைத்து நட. எந்த ஓரம் நீளம், எது குட்டை? ஓரத்துக்குள் கயிறு வைத்துத் தைத்திருக்கிறதா? வரிசையாகக் கொக்கிகள் தட்டுப்படுகிறதா? மூன்று மூலை வளையங்களில் ஏதாவது ஒன்று வேறு மாதிரி இருக்கிறதா? உதறினால் என்ன சத்தம்? கண்ணைத் திறந்து ஏமாற்றாதே. திறந்தால் கலரைப் பற்றிக் கதை எழுதுவாய்.

துரை துடுப்புகளோடு ஒரு கழியும் கொடுத்ததாக ஞாபகம். தேடிப் பார்.

அண்ணன்
ராஜநாயகம்

*

சேசு மரி சூசை

சாந்தோம்
8 ஜூன் 1944

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று அம்மா சாமியாரிடம் போய்ப் பூசைக்குச் சொல்லிவிட்டு வந்தாள். எல்லோரும் சுகம். கை எப்படி இருக்கிறது?

கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு கூடத்தில் தவழ்ந்தேன். அப்பா, பைத்தியம் பிடித்ததா என்று கேட்டார். நீளமான ஓரங்கள் இரண்டு, சமமாக இருக்கின்றன. அடி ஓரம் அவற்றைவிடக் குட்டை. நீளமான ஓரங்களுக்குள் மெல்லிய கயிறு ஓடுகிறது. முன்பாயில் இருப்பது போல் கொக்கிகள் இல்லை. பெரிய பாயில் மூங்கில் பட்டை செருகும் பைகள் உண்டே, அவையும் இல்லை. உச்சி வளையம் மட்டும் விரலால் தள்ளினால் சுழல்கிறது. இன்னொன்று, கண்ணால் பார்த்தபோது எனக்குப் படாதது. துணியைத் தரையில் எவ்வளவு நீவினாலும் படியவில்லை. நடுவில் மீந்துபோய்க் கூடாரம் மாதிரி எழும்புகிறது. கையை உள்ளே விட்டால் ஒரு பெரிய வயிறு. உதறினால் புறா கூட்டமாகக் கிளம்பும் சத்தம்.

கழி கிடைத்தது! அம்மா ஒரு வருஷமாகக் கொல்லையில் உயரக் கொடியில் துணி போட அதைத்தான் வைத்திருக்கிறாள். இரண்டு நுனியிலும் பித்தளைக் கவ்வி இருக்கிறது. "துணி மாட்டத்தான வெள்ளக்காரன் கவ்வி வச்சிக்கிறான்" என்று தர மறுக்கிறாள்.

நானும் மர்சலினும் லஸ்ஸில் ஸ்டூடியோவுக்குப் போய்த் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டோம். அவள் படத்தை உறையில் வைத்திருக்கிறேன். பாஸ்குவுக்கு அனுப்பிய கலர் படம் கிடைத்ததா? அதைப் பற்றி நீ எழுதவில்லை.

ஃப்ளோரா

*

பம்பாய்
2 ஜூலை 1944

அன்புத் தங்கை ஃப்ளோராவுக்கு,

சுகம். கைக்கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. ஷரஃபுதீன்தான் எழுதுகிறான்.

சமமான இரண்டு ஓரம், சுழலும் வளையம், தரையில் படியாத வயிறு, கவ்வி வைத்த கழி. சந்தேகமே இல்லை. அதற்கு ஸ்பின்னக்கர் என்று பெயர். காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது மட்டும் ஏற்றுகிற பாய். காற்றோடு போவதற்கு மட்டும்தான். திரும்பி வர உதவாது.

கட்டும் விதம் சொல்கிறேன். பாய்மர உச்சியில் கயிறு இல்லாத கப்பி ஒன்று சும்மா இருக்கும். அதில் புதுக் கயிறு கோத்துச் சுழலும் வளையத்தில் கட்டு. கழியின் ஒரு நுனியை மரத்தின் முன்பக்க வளையத்தில் கவ்வவிடு. மறு நுனி, காற்று வருகிற பக்கத்து அடி மூலைக்கு. அடி மூலைகள் இரண்டிலிருந்தும் தலா ஒரு கயிறு, படகின் பின்பக்கம்வரை. இந்தக் கயிறுகள் எல்லாம் படகில் ஏற்கெனவே இருக்கும் கயிறுகளுக்கு வெளியே போக வேண்டும், அதுதான் முக்கியம். நுனியில் முடிச்சுப் போடாதே. பிடி தவறினால் கயிறு ஓடிப்போகட்டும், படகு தப்பும். பெரிய பாயின் மறைவில் வைத்து ஏற்று. படகைத் திருப்புவதற்கு முன்னால் இறக்கு.

படம் கிடைத்தது. மர்சலின் வெள்ளைப் புடவையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இளைத்திருக்கிறாள்.

நவம்பரில் லீவு கிடைக்காது. எப்போது கிடைக்கும் என்றும் தெரியாது. பவுல்சாமி மாமாவிடம் காத்திருக்க வேண்டாம் என்று அப்பாவைச் சொல்லச் சொல். வேறு நல்ல இடம் வந்தால் பார்க்கட்டும். காரணம் கேட்காதே.

ராஜநாயகம்

*

சாந்தோம்
17 ஜூலை 1944

சகோதரர் ஷரஃபுதீன் அவர்களுக்கு ஃப்ளோரா எழுதிக்கொண்டது.

தாங்கள் சுகமென்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை அண்ணனுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணனின் கடைசிக் கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. மர்சலினிடமும் காட்டவில்லை. எதையும் தாங்க முடியாதபோது நான் புத்தகத்தை எடுத்துக்கொள்வேன். அன்றும் எடுத்தேன். பக்கங்களுக்கு நடுவே மர்சலினின் படம் இருந்தது.

அப்படியென்றால் நான் உறையில் வைத்தது எது என்று சற்று நேரம் புரியவில்லை. ஸ்டூடியோக்காரர் இரண்டு படங்களையும் ஒரே அட்டையில் போட்டுக் கொடுத்தார். நானும் அன்று வெள்ளைப் புடவைதான். அதே நாற்காலி. அவசரத்தில் என் படத்தை அனுப்பியிருக்கிறேன். அண்ணன் அதைப் பார்த்து, மர்சலின் இளைத்திருக்கிறாள் என்று எழுதுகிறான். என்னைத் தூக்கி வளர்த்தவன்.

பிறகு கடிதங்களை எல்லாம் எடுத்தேன். மார்ச்சில் கலர் முக்கியம், தீட்டி அனுப்பு என்றவன். மே மாதத்தில் படம் வேண்டாம், தொட்டுப் பார் என்கிறான். கையும் காதும் பதில் சொல்கிற கேள்விகளாகவே கேட்கிறான். அதை அவனுடைய விளையாட்டு என்று நினைத்து நான் கண்ணைக் கட்டிக்கொண்டு சிரித்தேன்.

அவனுக்குக் கை மட்டும்தானா? உண்மையை எழுதுங்கள். மெதுவாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு
ஃப்ளோரா

*

பம்பாய்
28 ஜூலை 1944

சகோதரி ஃப்ளோரா அவர்களுக்கு ஷரஃபுதீன் எழுதுவது. ஆண்டவன் உங்களுக்கும் பெற்றோருக்கும் நல்ல சுகத்தைத் தரட்டும்.

இரண்டு கண்ணும் போய்விட்டது. திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை நன்றாக இருக்கிறது. கையில் காயமே இல்லை.

அன்று நாலு மணி இருக்கும். கப்பலில் புகை வருகிறது என்று ஆபீசில் எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். ராஜநாயகம் "மச்சி, வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டான். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். "இருடா, டீ ஆறிடும்" என்றேன். கண்ணாடி முழுவதும் அவன்மேல் வந்தது. நான் மேஜைக்கு அடியில் கிடந்தேன். அந்த டீக்காகத்தான் எனக்குக் கண் இருக்கிறது.

உங்கள் கலர் படம் அன்று காலையில்தான் தபாலில் வந்தது. அவன் உறையைப் பிரிக்கவில்லை. சாயங்காலம் சாவகாசமாகப் பார்க்கலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கொடுத்தபோது அது அப்படியே இருந்தது. நான் பிரித்துக் கலரைச் சொல்கிறேன் என்றேன். "சொல்லாத" என்றான். அவன் என்னிடம் கோபமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அந்த உறையில் இருந்த உங்கள் கடிதத்தில் கலரைப் பற்றி வந்த வரிகளையும் விட்டுவிட்டுத்தான் வாசித்தேன்.

பிறகு கயிறு கேட்டான். நாளெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டு அவிழ்க்கிறான். எங்கிருந்தோ, பாய்க்கப்பலில் மாலுமியாக இருந்த ஒரு லஸ்கர் கிழவரைப் பிடித்து வரச்சொல்லி, நீங்கள் தொட்டு எழுதியதை எல்லாம் அவருக்கு என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தான். "எந் தங்கச்சி கை பாத்தியாடா, கண்ணு மாதிரி கீது" என்றான்.

நான் மர்சலின் சகோதரியைப் பார்த்ததில்லை. வெள்ளைப் புடவை, நாற்காலி, ஒல்லியான பெண் என்று படத்தில் இருந்ததைச் சொன்னேன். அவன் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான். அது உங்கள் படம் என்று எப்படிச் சொல்வேன்?

வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். அந்தப் பெண் பரிதாபத்தால் கட்டிக்கொள்ளக் கூடாது என்கிறான். ஊருக்கே வரப்போவதில்லையாம். நான் சத்தியத்தை மீறிவிட்டேன். இனி உங்கள் இஷ்டம்.

ஷரஃபுதீன்

*

சேசு மரி சூசை

சாந்தோம்
20 ஆகஸ்ட் 1944

அன்புள்ள அண்ணனுக்கு,

யாவரும் சுகம். மழை இல்லை. அய்யாதுரை பாய்மரத்தில் ஏறிப் பார்த்தார். நீ சொன்ன கப்பி சும்மாதான் இருக்கிறது.

படம் வேண்டாம் என்றாய். உள்ளே வைத்திருப்பது வரைந்ததல்ல. தொட்டுப் பார். பாய் முழுவதும் ஊசிக் குத்தாக இருக்கிறது. உச்சி மூலையில் குத்துகள் வட்டமாக இருக்கும். அது சுழலும் வளையம். நடுவில் இரட்டை வரியாக இறங்குவது ஒரு பட்டை. என்ன கலர் என்று நீ கேட்கும்போது சொல்கிறேன்.

இவை என்னுடைய குத்துகள் அல்ல. எனக்கு இவ்வளவு சீராக வராது என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிறவள் குத்தியது.

ஃப்ளோரா

(சகோதரர் ஷரஃபுதீனுக்கு மட்டும்: உங்கள் கடிதத்தை மர்சலினிடம் நான் வாசிக்கவில்லை, கையில் கொடுத்தேன். படித்தாள். தண்ணீர் கொடுத்தேன், டம்ளர் கையிலேயே இருந்தது. விளக்கேற்றும் நேரம்வரை அப்படியே இருந்துவிட்டு, "தடிப்பா காகிதம் இருக்கா ஃப்ளோரா?" என்று கேட்டாள்.)

*

பம்பாய்
அக்டோபர்

ஃப்ளோரா,

இது என் கை. வரிமேல் வரி ஏறியிருக்கும். ஷரஃபு ஸ்கேல் பிடிக்கிறான். முழு மாதமும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குத்து ஒன்றுகூட வரி தவறவில்லை. அழுதுகொண்டு குத்தினால் தவறியிருக்கும் இல்லையா?

அம்மாவிடமிருந்து கழியை வாங்கி வை. வருகிறேன். அவளிடம் சொல்

*

சேசு மரி சூசை

சாந்தோம்
15 ஏப்ரல் 1945

சகோதரர் ஷரஃபுதீன் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். எல்லாம் முடிந்த பிறகு சேர்த்து எழுதலாம் என்று இருந்தேன்.

அண்ணன் வருவதற்கு முன்னால் அப்பாவிடம் சொன்னேன். அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா அழுவாள் என்று பயந்தோம். அவளோ கொல்லைக்குப் போய்க் கொடியிலிருந்த ஈரத் துணிகளை எல்லாம் தரையில் இறக்கினாள். கழியைத் தேய்த்துக் கழுவி, கவ்விகளுக்குப் புளி போட்டு விளக்கி, கூடத்து மூலையில் நிறுத்தினாள். அன்றிலிருந்து பாயை வெட்டும் பேச்சு இல்லை.

பவுல்சாமி மாமா வந்தார். "வாத்தியாரே, உம்ம புள்ளைக்கு நடந்ததுல எனக்கும் வருத்தந்தான். அதுக்குன்னு எம் பொண்ணைக் கெணத்துல தள்ளச் சொல்றீரா?" என்றார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற மர்சலின், "கெணறு இல்ல நைனா, ஆறு. படகு கீது" என்றாள். மாமா அவளை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. அறைந்துவிடுவார் என்று நினைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்களுக்கு லீவு கிடைக்காததால் அண்ணனை ரயில் கார்டிடம் ஒப்படைத்து அனுப்பினீர்கள் அல்லவா? டிசம்பரில் அந்த வண்டி வந்து நின்றபோது மர்சலின் புத்தகக் கடைக்குப் பின்னால் நிற்கவில்லை. பெட்டி வாசலிலேயே நின்றாள். அண்ணன் காலால் படியைத் துழாவினான். அவள் கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டு இறங்கி, "ஃப்ளோரா, இன்னாடி கை இப்பிடி ஜில்லுன்னு கீது?" என்றான். நான் வாயைத் திறந்தேன். அவள் முன்பு போலவே விரலை உதட்டில் வைத்தாள். நாலடி நடந்திருப்பார்கள். அவன் கட்டைவிரல் அவளுடைய ஆட்காட்டி விரல் நுனியைத் தடவிக்கொண்டே வந்தது. ஊசி ஏறி ஏறிக் காய்த்துப்போன நுனி. அங்கேயே நின்றுவிட்டான். கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போயிற்று. அம்மா மட்டும், "நடடா, வண்டிக்காரன் கத்துவான்" என்றாள்.

பாயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மழை விட்டு, ஜனவரி கடைசியில் ஆறு நிறைந்திருந்தபோது ஏற்றினோம். அடையாற்றில், எல்ஃபின்ஸ்டன் பாலத்துக்கு மேற்கே, மத்தியானம் கடல்காற்று எழுந்த பிறகு. அம்மா, மர்சலின், அய்யாதுரை எல்லோரும் கரையில். கட்டியது முழுவதும் அண்ணன்தான். வளையம் வளையமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். நான் கண்ணால் பார்த்தும் ஒரு கயிற்றை உள்பக்கமாக விட்டிருந்தேன். அதை விரலால் கண்டுபிடித்து, "இன்னா படிச்ச நீ?" என்று திட்டினான். சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, சட்டைக் காலரை இறக்கிவிட்டான். காற்று பிடரியில் நேராகப் படும்வரை படகைத் திருப்பினான். "இழு" என்றான்.

இழுத்தேன். பாய் முதலில் கசங்கலாக ஏறியது. ஒரு உதறல். அப்புறம் திடீரென்று திறந்துகொண்டது. கயிறு என் உள்ளங்கையைச் சுட்டது. படகு முன்னால் துள்ளியதில் நான் விழுந்துவிட்டேன். ஆனால் உடனே எல்லாச் சத்தமும் அடங்கிற்று. அலை இல்லை. காதில் காற்று இல்லை.

"இன்னா, நின்னுட்டமா?" என்றான் அண்ணன்.

"இல்லண்ணா. ஓடறோம். காத்தும் நாமளும் ஒண்ணா போறோம்."

"நெஜமா?"

"கரையில தென்னமரமெல்லாம் பின்னால போய்க்கினு கீது."

முகத்தை மேலே தூக்கி வைத்திருந்தான். பிறகு, "ஃப்ளோரா, அந்தப் பட்டை. இன்னா கலர்?" என்று கேட்டான்.

சொன்னேன். எந்த மாதாவின் கச்சை என்றும் சொன்னேன். "உம்" என்றான். கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, "எறக்கு, திரும்பணும்" என்றான்.

பவுல்சாமி மாமா கல்யாணத்துக்குச் சம்மதித்தாரா என்று கேட்டிருந்தீர்கள். நான் போய்ப் பேசினேன். அப்பா பேசினார், சாமியாரும் பேசினார். மாமா எங்களுக்கு நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார், பதில் சொல்லவில்லை.

அண்ணன் தலையணைக்கு அடியில் வைத்திருந்த படம் யாருடையது என்று இப்போது அவனுக்குத் தெரியும். அட்டையை என் கையில் திணித்து, "அதான் தூக்கமே வரல" என்றான். அவன் உங்களை விசாரித்ததாக எழுதச் சொல்கிறான். டீயை ஆறவிடாதீர்கள் என்றும் எழுதச் சொல்கிறான். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

தங்கள் சகோதரி
ஃப்ளோரா

பி.கு. சென்ற திங்கட்கிழமை, ஒன்பதாம் தேதி காலைப் பூசையில் அண்ணனுக்கும் மர்சலினுக்கும் கல்யாணம் நடந்தது. மாமா வரவில்லை.